சொந்தபந்தம் இல்லாத பாட்டு

அந்த வானொலி நிலையத்தின் மூன்றாவது மாடிக் கடைக்கோடியில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்காக வைத்த வாளிக்கு எதிர் அறையில், சாயல் பிரிவு இருந்தது. பிரிவு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மேசை, இரண்டு ரெக்கார்டு பிளேயர், சுவர் முழுக்க அட்டைகள் அடுக்கிய இழுப்பறைகள், ஓர் ஆள். அந்த ஆளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடிருந்தது. வாசல் காவலர் முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் சாயல் சார்தான்.

இப்படி ஒரு பிரிவு எதற்கு என்று கேட்டால், எல்லாம் ஒரு கடிதம் செய்த வேலை. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நேயர் எழுதியிருந்தார்: "நேற்று ஒரே ராக் பாட்டை அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டீர்கள். கேட்கிறவனை என்ன கேனையன் என்று நினைத்தீர்களா?" போட்டது ஒரே பாட்டு இல்லை. இரண்டு குழுக்கள், இரண்டு பாட்டுகள். அப்போதிருந்த மேலாளர் அப்படி ஒரு வரி பதில் எழுதிப் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் மனிதர் ஒரு சந்தேகத்துக்கு இரண்டையும் தானே கேட்டுப் பார்த்தார். எது எது என்று அவருக்கே பிடிபடவில்லை. வெலவெலத்துப்போய் அன்றே ஒரு சுற்றறிக்கை அடித்தார்: ஒன்றுக்கொன்று சாயல் உள்ள பாடல்கள் ஒரே நாளில் ஒலிபரப்பப்படக் கூடாது. எழுதியவர் ஓய்வு பெற்றார், அவருக்குப் பின் வந்தவரும் ஓய்வு பெற்றார், சுற்றறிக்கை மட்டும் நிரந்தர ஊழியரைப் போல அங்கேயே இருந்தது.

சாயல் சாருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எல்லாவற்றையும் சதவீதத்தில் எழுதிவைத்திருந்தார். இதற்கும் அதற்கும் முப்பத்தைந்து சதவீதச் சாயல், அதற்கும் இதற்கும் பதினெட்டு. யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. சாயல் சார் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே சதவீதத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு உறவுமுறைக்கு மாறினார். கிட்டார் தொடக்கம் ஒன்றாக இருந்தால் கூடப் பிறந்த பாட்டுகள். முந்தி வெளிவந்தது அண்ணன், பிந்தி வந்தது தம்பி. தொடக்கம் வேறாக இருந்து உள்ளே சுர அடுக்கு மட்டும் ஒத்துப்போனால் பங்காளி. ஒரே வாரத்தில் வெளிவந்து, பல்லவியில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அலறினால் சக்களத்திகள். ஒன்று முடிகிற விதத்திலேயே இன்னொன்று ஆரம்பித்தால் மாமியார் மருமகள். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால் அந்நியம். இதற்கு யாருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "அண்ணனைக் காலையில போட்டாச்சு, தம்பியை நாளைக்கு வெச்சுக்கலாம்" என்று அறிவிப்பாளர்கள் தாங்களாகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம் இப்படியே போனது. இரண்டு பாட்டை இரண்டு பிளேயரில் ஓடவிட்டு, இடது காதில் ஒன்றும் வலது காதில் ஒன்றுமாக வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாவது நிமிஷம் கண் திறந்தால் முறை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காதுக்கு நிலையத்தில் மறுபேச்சே கிடையாது. சுவரில் இருந்த ஆயிரக்கணக்கான அட்டைகளில் ஒன்றில்கூட அவர் பொய் எழுதியதில்லை.

ஓர் அட்டையில் மட்டும் எதுவுமே எழுதியதில்லை. அந்த அட்டை சுவரிலும் இல்லை. அவருடைய சொந்த மேசை இழுப்பறையில், தலைவலி மாத்திரைக்கும் குண்டூசி டப்பாவுக்கும் அடியில் கிடந்தது. பாட்டின் பெயர், 'லிஃப்ட் வேலை செய்யவில்லை'. பாடியவர் அவருடைய அத்தான். டிரம்ஸ் அவருடைய அக்கா. அடிச்சுரம் போடும் பேஸ் கிட்டார், சாட்சாத் சாயல் சார்.

முப்பத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய கதை அது. அக்காவும் அத்தானும் கல்யாணமான புதிது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்து ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒரு நாள் சாயல் சார் முடிவெட்டிக்கொள்ளப் போனவர், பாதித் தலையோடு நாற்காலியில் இருக்கும்போது கடை ரேடியோவில் 'ஈரச் சட்டை' என்ற புதுப்பாட்டு ஓடியது. அதில் பேஸ் கிட்டார் போன போக்கு அவர் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று பஸ் நிறுத்தம் தூரம் அதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். அன்று மாலை ஒத்திகையில் அத்தான், "இதுக்குக் கீழ நீ என்ன வாசிக்கப் போற?" என்று கேட்டபோது அதைத்தான் வாசித்தார். அத்தான் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "எங்கிருந்துடா வந்துச்சு இது?"

"தானா வந்துச்சு அத்தான்" என்று சொல்லிவிட்டார். இருபது வயசில் ஒருவர் நம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்?

பாட்டு எடுபடவில்லை. குழு கலைந்தது. அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகி, பயந்து நடுங்கும் மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டாஷ்போர்டில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அத்தான் அந்தப் பேஸை மட்டும் மறக்கவே இல்லை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களைக் கீழ்வரிசை எழுத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் திணறும்போது சொல்லுவார்: "என் மச்சான் கையில ஒரு நாள் தானா வந்துச்சுங்க. யாருகிட்டேயும் கத்துக்காம. கேட்டா ஆடிப்போயிருவீங்க." கடையில் காலை முதல் மாலை வரை இந்த நிலையம்தான் ஓடும். என்றைக்காவது போடுவார்கள் என்று காத்திருந்தார். "மச்சான் அங்கேதானே இருக்கான், போட வெச்சிருவான்" என்பார்.

மச்சான் அந்த வேலைக்குச் சேர்ந்ததே அதற்குத்தான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பாட்டைப் போட வேண்டுமானால் அட்டையை நிரப்ப வேண்டும். அட்டையை நிரப்பினால், 'ஈரச் சட்டை'க்குத் தம்பி என்று தன் கையாலேயே எழுத வேண்டும். தம்பி என்றுகூட இல்லை. எடுத்தது என்று எழுத வேண்டும். அந்த அட்டையைப் பத்துப் பேர் பார்ப்பார்கள், பதினோராவது ஆள் அத்தான் காதில் போட்டுவிடுவான். அதனால் வருஷா வருஷம் வீட்டில் கேட்கும்போதெல்லாம் "பரிசீலனையில இருக்கு" என்று சொல்லிச் சமாளித்தார். அக்காவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலைமையில்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். சுறுசுறுப்பான அம்மாள். மாடிப்படியில் ஏறும்போதே இரண்டு திட்டம் யோசித்துவிடுவார். வந்த மாதமே, முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் ராக் இசை கொடிகட்டிப் பறந்த அந்த ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க அந்த வருஷத்துப் பாட்டுகள் மட்டுமே என்று அறிவித்துவிட்டார். காலை ஆறு முதல் இரவு பத்து வரை. சுவரொட்டியும் ஒட்டியாகிவிட்டது. அதன் பிறகுதான் சாயல் சாரைக் கூப்பிட்டு, ஒன்றுக்கொன்று உறவில்லாத பாட்டுகளாகப் பார்த்து ஒரு பட்டியல் கேட்டார்.

சாயல் சார் அந்த வருஷத்து அட்டைகளை எல்லாம் வெளியே எடுத்தார். இருநூற்றுப் பதின்மூன்று. வராந்தாச் சுவரில் பெரிய தாள்களை ஒட்டி, எது எதற்கு அண்ணன், எது எதற்குப் பங்காளி என்று கோடு இழுக்கத் தொடங்கினார். முதல் நாள் ஏழு குடும்பம் இருந்தது. மூன்றாம் நாள் நாலு ஆனது. ஒரு சாதாரணமான காதல் பாட்டு இரண்டு பெரிய குடும்பங்களுக்கு நடுவில் சம்பந்தி என்று தெரியவந்து அவற்றையும் ஒன்றாக்கியது. இரண்டாவது வார முடிவில் வாளியைத் தாண்டிக் குதித்துப்போய் மேலாளரிடம் சொன்னார்.

"மேடம், எல்லாமே ஒரே குடும்பம்."

"எல்லாமேன்னா?"

"இருநூத்திப் பதிமூணும். ஒண்ணை இழுத்தா எல்லாம் வருது."

அம்மாள் நம்பவில்லை. சாயல் சார் அவரை வராந்தாவுக்குக் கூட்டிவந்து சுவரைக் காட்டி விளக்கினார். அந்தக் காலத்தில் பதிவு செய்ய ஒரே ஒரு நல்ல ஸ்டூடியோதான். அதன் டிரம்ஸைத் தரையோடு ஆணி அடித்து வைத்திருந்தார்கள். யார் வாசித்தாலும் அதே டிரம்ஸ். அந்த வருஷம் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெட்டி ஒன்று கடைக்கு வந்தது, அதை வாங்காதவன் கிட்டார்காரனே இல்லை. எல்லாக் குழுவும் எல்லாக் குழுவின் கச்சேரிக்கும் போகும். போன வேகத்தில் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டு எழுதும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெரிய பாட்டில் பாடகருக்குச் சளி பிடித்து நடுவில் ஒருமுறை இருமிவிட்டார். அது தவறி நேர்ந்த இருமல். ஆனால் அந்த வருஷக் கடைசிக்குள் ஏழு பாட்டுகளில் அதே இடத்தில் இருமல் வந்துவிட்டது. "அந்த ஏழு பேர்ல ஒருத்தர் சளி பிடிக்கட்டும்னு மழையில நனைஞ்சுட்டு வந்து இருமினாராம் மேடம். அவர் மட்டும் கொஞ்சம் அசலா, உருக்கமா இருமியிருக்கார்."

"அப்போ அந்த நாள்ல ஒரே ஒரு பாட்டுதான் போட முடியுமா?"

"விதிப்படி அப்படித்தான்."

"விதியை ஒரு நாள் தள்ளிவைக்க முடியாதா?"

"சுற்றறிக்கையைத் தள்ளிவைக்க தலைமை அலுவலகத்துல இருந்து இன்னொரு சுற்றறிக்கை வரணும். ஆறு மாசம்."

அம்மாள் நெற்றியைத் தேய்த்தார். "ஒண்ணுதான்னா எதைப் போடறது? ஒருத்தரைக் கூப்பிட்டு இருநூத்திப் பன்னிரண்டு பேரை விட்டோம்னா, விட்டவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் சண்டைக்கு வந்து நிப்பாங்களே." பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ரெக்கார்டு அலமாரிக்குப் போய் அந்த வருஷத்து ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். இருநூற்றுப் பதினாலு வந்தது. இன்னொரு தடவை எண்ணினார். திரும்பிச் சாயல் சாரைப் பார்த்தார். "ஒரு அட்டை குறையுதே சார்?"

இருபத்திரண்டு வருஷம் பொய் எழுதாத மனிதருக்குப் பொய் சொல்லவும் வராது. மேசை இழுப்பறையைத் திறந்தார். மாத்திரைகளை ஓரம் தள்ளினார். அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அம்மாள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "உறவுன்னு ஒண்ணுமே எழுதலையே? அப்போ இதுக்கு யாரும் இல்ல. தனிக்கட்டை." முகம் மலர்ந்துவிட்டது. "இதைத்தான் சார் போடணும். எந்தக் குடும்பமும் சண்டைக்கு வர முடியாது."

"எத்தனை தடவை மேடம்?"

"காலையில ஆறுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும். வேற வழி?"

சாயல் சார் வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் அம்மாள் மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். அரை மணியில் மேசைமேல் தொலைபேசி அடித்தது. நல்ல விஷயம் எதுவானாலும் இந்தக் கட்டடத்தில் மறைக்க முடியாது. பாட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் பெண், அக்காவிடம் கார் ஓட்டக் கற்றவள், அதற்குள் அவளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். அக்காவுக்கு மூச்சே முட்டியது. "டேய் தம்பி, நெசமாவாடா? நாள் முழுக்கவா? உங்க அத்தான் கடைக்கு வெளியே வந்து நின்னு ரோட்டுல போறவங்ககிட்டே எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காருடா. கண்ணாடி வாங்க வந்தவர் ஒருத்தர் ஒரு கண்ணுல அட்டையை வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கறாரு."

அதற்குமேல் சாயல் சார் மேலாளரிடம் என்னத்தைச் சொல்ல? வெற்று அட்டையையும் ஒரு பேனாவையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தார். 'ஈரச் சட்டை' என்ற இரண்டு வார்த்தையை எழுதிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அத்தான் ரோட்டில் போன ஆட்களை எல்லாம் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும். எழுதவில்லை என்றால், அத்தான் அந்தப் பேஸை ஒரே நாளில் இருநூறு தடவைக்குமேல் கேட்கப் போகிறார். காது உள்ள மனிதர். பத்தாவது தடவையில் இல்லாவிட்டாலும் நூறாவது தடவையில் பிடித்துவிடுவார். இரண்டு பக்கமும் கிணறு. சாயல் சார் பேனாவை மூடினார்.

அந்த நாள் வந்தது. காலை ஆறு மணிக்கு 'லிஃப்ட் வேலை செய்யவில்லை' ஒலித்தது. ஆறு நாலுக்கும் ஒலித்தது. ஆறு எட்டுக்கும். அறிவிப்பாளர் பாவம், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சொல்லி அறிமுகப்படுத்தியாக வேண்டும். ஏழு மணிக்கு மேல் அவரிடம் சரக்குத் தீர்ந்துபோய் லிஃப்டின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

கேட்பவர்கள் கொதித்தெழுவார்கள் என்று தொலைபேசிக்குக் கூடுதலாக இரண்டு பேரைப் போட்டிருந்தார்கள். முதல் அழைப்பு ஏழரைக்கு வந்தது. ஒரு பெண் குரல், தழுதழுத்தது. "'ஈரச் சட்டை' போட்டீங்களே, ரொம்ப நன்றிங்க. இருபது வருஷமாச்சு கேட்டு." அடுத்து ஒரு குழாய் ரிப்பேர்காரர். அவருக்குப் பிடித்த வேறு ஏதோ ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி, "அந்த இருமல் வந்தப்போ புல்லரிச்சுப்போச்சு சார்" என்றார். 'லிஃப்ட் வேலை செய்யவில்லை'யில் இருமலே கிடையாது. பத்து மணிக்குள் நாற்பது பேர் நாற்பது பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டார்கள். பதினொன்றுக்கு ஒரு வயசானவர் கூப்பிட்டு, "முன்னெல்லாம் ஒரே பாட்டையே போட்டுக் கழுத்தறுப்பீங்க. இன்னைக்குத்தான் வகைவகையா போடறீங்க" என்று பாராட்டிவிட்டு வைத்தார். மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

சாயல் சார் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தானிடமிருந்து அழைப்பே இல்லை. காலை எட்டு மணிக்கு இல்லை, பத்துக்கு இல்லை, பன்னிரண்டுக்கும் இல்லை. சந்தோஷப்பட்ட மனிதர் இப்படிச் சும்மா இருக்க மாட்டார். கண்டுபிடித்துவிட்டார் என்று சாயல் சாருக்கு உறுதியாகிவிட்டது. கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

மூன்று மணிக்குக் கதவு தட்டாமலே திறந்தது. முன்னால் அக்கா, பின்னால் அத்தான். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நெற்றியில் கண்ணாடி ஒன்று, சட்டைப் பையில் கண்ணாடி ஒன்று. முகம் மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவர் முகமாக இருந்தது. அறையின் ஒலிபெருக்கியில் பாட்டு எத்தனையாவது தடவையோ ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் வந்ததும் அதன் சத்தத்தைக் குறைத்தார்.

"மச்சான், காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு விஷயம் பேசணும்."

சாயல் சாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து நின்றார். ஐம்பத்து நாலு வயசு மனிதர், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். "நீங்க சொல்ல வேணாம் அத்தான், நானே சொல்லிடறேன். அந்தப் பேஸ் தானா வரல. 'ஈரச் சட்டை'யில இருந்து எடுத்தேன். முடிவெட்டற கடையில கேட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், நீங்க கட்டிப்பிடிச்சுக்கிட்டீங்க, வாய் வரல. அதனாலதான் இந்த அட்டையை நான் எழுதவே இல்ல. பரிசீலனைன்னு சொன்னது எல்லாம் பொய். மன்னிச்சிடுங்க."

சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தான் நெற்றிக் கண்ணாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அக்காதான் பேசினாள்.

"'ஈரச் சட்டை'யிலயா? எங்க, போடு பாக்கலாம்."

"வேணாங்க்கா."

"போடுடா."

அலமாரியிலிருந்து 'ஈரச் சட்டை'யை எடுத்து ஒரு பிளேயரில் வைத்தார். இன்னொன்றில் தங்கள் பாட்டு. இந்த அறையில் இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ ஆயிரம் ஜோடியை அப்படி ஓடவிட்டவர், இந்த ஜோடியை மட்டும் ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. வைக்கத் தைரியம் வந்ததில்லை. இரண்டு ஊசியும் இறங்கின. அக்கா மேசையில் விரலைத் தட்டிக்கொண்டு கேட்டாள். அத்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். சாயல் சார் பழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது நிமிஷம் போனது. நாலாவது நிமிஷமும் போனது. கண் திறக்கவில்லை.

"எங்கடா சாயல்?" என்றாள் அக்கா.

"அந்த மூணாவது சுரம்..."

"அது மேல போகுது. நீ கீழ விழற."

"தாளம்..."

"தாளமா? நீ அந்தக் காலத்துல ஒரு நாள்கூடத் தாளத்துல வாசிச்சதில்ல. உன்னை இழுத்துப் பிடிக்கறதுக்குள்ள எனக்குத் தோள்பட்டையே போச்சு."

திரும்பவும் ஓடவிட்டார். அவள் சொன்னது சரி. முடிவெட்டும் கடையிலிருந்து மூன்று பஸ் நிறுத்தம் நடந்து வருவதற்குள் அந்தப் பையன் முதல் சுரத்தைத் தவறவிட்டு, இரண்டாவதைத் திருப்பிப்போட்டு, மிச்சத்தைத் தன் இஷ்டத்துக்கு முணுமுணுத்து, வேறு ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். அண்ணன் தம்பி இல்லை, பங்காளி இல்லை, ஒரே தெருவில் குடியிருந்தவர்கள்கூட இல்லை. சுத்தமான அந்நியம்.

"உருப்படியா திருடக்கூடத் தெரியலையேடா உனக்கு" என்றாள் அக்கா. "இதுக்குப் போயா முப்பது வருஷமா நீ ராத்திரி தூங்காம, எங்களுக்கும் பாட்டைப் போடாம?"

சாயல் சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கின சுகத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்தவருக்கு உள்ளே சுருக்கென்றது. தான் திருடன் என்று நினைத்துக்கொண்டு கேட்ட காது இது. இந்தக் காது இத்தனை பாட்டுக்கும் போட்ட முறை எல்லாம் சரிதானா? அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். முதலில் அத்தான் முகம் தெளிய வேண்டும். அது தெளியவில்லை. முன்னைவிட இருண்டிருந்தது.

"நான் அதைப் பேச வரல மச்சான்" என்றார் அத்தான். "பேஸ் உன்னோடதுதான்னு எனக்கு என்னைக்கும் தெரியும். நான் வந்தது என் விஷயமா. மெட்டு என்னோடது இல்ல."

"அத்தான்?"

"'பத்து நாள் மழை'யில இருந்து எடுத்தது."

அக்கா தட்டுவதை நிறுத்தினாள். 'பத்து நாள் மழை' சாதாரணப் பாட்டா? அந்த வருஷத்துக்கே ராஜா அது. இருமினவருடைய பாட்டு.

"அவங்க கச்சேரிக்கு நான் தனியா போனேன்" என்றார் அத்தான். "உங்க அக்காகிட்டகூடச் சொல்லல. பாட்டு இன்னும் வெளியே வரல. முதல் தடவையா மேடையில பாடினாங்க. எனக்குப் பின்னால நின்னவன் அழுதுட்டான். வீட்டுக்கு வந்து உக்காந்தேன், அந்த மெட்டு அப்படியே வந்துச்சு. காலையில இருந்து நம்ம பாட்டைக் கேக்கறேன் மச்சான். நூறு தடவைக்கு மேல ஆச்சு. ஒவ்வொரு தடவையும் அதுதான் கேக்குது. நாளைக்கு எவனாவது கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நானே வந்து சொல்லிடலாம்னு கடையைப் பூட்டிட்டு வந்தேன்."

"அந்தத் தாளமும் எங்கேயாவது எடுத்ததா?" என்று சாயல் சார் அக்காவைக் கேட்டார்.

"எனக்கு அந்த ஒரு தாளம்தான்டா தெரியும். நான் யாருகிட்டப் போய் எடுக்க?"

சாயல் சாருக்கு ஒரே சந்தோஷம். 'பத்து நாள் மழை' அவருக்கு மனப்பாடம். அதன் அண்ணன் தம்பி, பேரன் பேத்தி, ஒதுக்கிவைத்த உறவு வரை எல்லாம் அத்துப்படி. அத்தானுடைய மெட்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இதை அவர் காது சந்தேகப்பட்டதுகூட இல்லை. அத்தானும் தன்னைப் போலவேதான், திருடப் போய் வெறுங்கையோடு வந்த ஆள். இரண்டு நிமிஷம் போதும், இந்த மனிதரின் நெஞ்சுக் கல்லையும் இறக்கிவிடலாம். துள்ளி எழுந்து அலமாரியிலிருந்து அந்த ரெக்கார்டை உருவினார். 'ஈரச் சட்டை'யை எடுத்துவிட்டு அதை வைத்தார். ஊசியைத் தூக்கினார்.

அத்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மச்சான்."

"இல்ல அத்தான், ஒரே நிமிஷம். நீங்களே கேளுங்க, அதுக்கும் இதுக்கும்..."

"தெரியும்டா. நீ என்ன சொல்லப் போறேன்னு உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது." பிடி இறுகியது. "கண்ணாடிக் கடையில உக்காந்து முப்பது வருஷமா ஏ பி சி டி வாசிக்கச் சொல்லிக்கிட்டிருக்கேன். நம்ம பாட்டை யாரும் கேக்கல. சரி, கேக்கலைன்னாலும், அதுக்குள்ள 'பத்து நாள் மழை' கொஞ்சம் இருக்குன்னு எனக்கு மட்டும் தெரியும். அந்த மாதிரி ஒண்ணைத் தொட்டுட்டு வந்தவன் நான்னு நெனைச்சுக்குவேன். திருட்டுதான். ஆனா எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டா. அதையும் பிடுங்கிடாதே."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், அடுத்து வருவது 'லிஃப்ட் வேலை செய்யவில்லை' என்று களைத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயல் சார் ஊசியை மெதுவாக அதன் தாங்கியில் திருப்பி வைத்தார். வெற்று அட்டையை இழுத்துப் பேனாவைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பொய் எழுதாத கை, கொஞ்சம்கூடத் தயங்காமல் 'பத்து நாள் மழை' என்று எழுதியது. முறை எழுதும் இடத்தில் 'தம்பி' என்றும் எழுதியது.

அத்தான் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

"தம்பின்னா எப்படி மச்சான்? ஒண்ணுவிட்ட தம்பியா?"

"கூடப் பிறந்த தம்பி அத்தான்" என்றார் சாயல் சார்.